ரிசர்வ் அணிக்காக அழைத்து வரப்பட்டவர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரமே கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியும், ஓய்வு பெற்ற கையோடு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டாய் என்ற செய்தியும் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி அளித்தன. இங்கே எல்லோரும் நலம். எனது வலது முழங்கால் மட்டும் மழைக்காலம் வந்தால் முரண்டு பிடிக்கிறது. மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் பழைய ஆட்டங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரிய ஆட்டக்காரனாக இருந்தவனால்தான் பெரிய பயிற்சியாளனாக முடியும் என்று எழுதி, அதற்குச் சான்றாகக் கென்னி டால்கிலிஷை நிறுத்தியிருக்கிறாய். 1986இல் லிவர்பூலுக்கு ஆடிக்கொண்டே மேலாளராகவும் இருந்து, லீக், கோப்பை இரண்டையும் ஒரே பருவத்தில் வென்றவரை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அந்த டால்கிலிஷைப் பதினாறு வயதுப் பையனாக இருந்தபோது கிளாஸ்கோ நகரத்தின் செல்டிக் கழகத்தில் சேர்த்து வளர்த்தெடுத்தவர் அதன் மேலாளர் ஜாக் ஸ்டீன். அவரை உன் வாதத்துக்குள் எங்கே பொருத்துவாய்? ஸ்காட்லாந்து நாட்டு அணிக்காக ஒரு முழுச் சர்வதேச ஆட்டம்கூட ஆடாதவர் அவர். நன்றாக ஆடத் தெரியாதிருந்தும் பெரியவரானார் என்று நான் சொல்லவில்லை. ஆட்டக்காரராக அவருக்கு வாய்த்த நடுத்தரமான வாழ்க்கையே அவருக்குப் பயிற்சிப் பள்ளியாக அமைந்தது என்பதுதான் என் கட்சி.

ஸ்டீன் 1922இல் லனார்க்‌ஷயரில், ஹாமில்டனை ஒட்டிய பர்ன்பேங்க் என்ற ஊரில் பிறந்தார். அந்த வட்டாரத்துப் பையன்களுக்குப் பள்ளி முடிந்தால் நிலக்கரிச் சுரங்கம். அதில் அவருக்கும் விலக்கு இல்லை. 1942இல் கோட்பிரிட்ஜ் நகரத்தின் ஆல்பியன் ரோவர்ஸ் என்ற சிறிய கழகத்தில் சேர்ந்த பிறகும் வாரம் முழுவதும் சுரங்கம், சனிக்கிழமை பந்தாட்டம் என்றுதான் எட்டு ஆண்டுகள் ஓடின. பெயர்பெற்ற மேலாளர்களான மேட் பஸ்பி, பில் ஷாங்க்லி, ஸ்டீன் மூவரும் ஸ்காட்லாந்தின் சுரங்க ஊர்களிலிருந்து வந்தவர்கள் என்பதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் மற்ற இருவரும் இளம் வயதிலேயே நிலத்தடியை விட்டு வெளியேறி முழுநேர ஆட்டக்காரர்கள் ஆனார்கள். ஸ்டீனோ இருபத்தேழு வயது வரை விளக்கு மாட்டிக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிற்பவனை நம்பித்தான் அந்த வேலையைச் செய்ய முடியும் என்ற பாடம் அவருக்கு அங்கேதான் படிந்திருக்க வேண்டும். 1984-85இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோதும் அவர் மனம் அவர்கள் பக்கமே இருந்தது.

1950இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊர்க் கழகம் நல்ல சம்பளம் தருவதாகச் சொல்லி அழைத்தது. முதன்முறையாகப் பந்தாட்டம் மட்டுமே தொழில் என்றானது. ஆனால் ஹாமில்டனில் இருந்த வீட்டில் இருமுறை திருடர்கள் புகுந்துவிட, மனைவி பயந்துபோனார். ஆட்டத்தையே விட்டுவிட்டு ஊர் திரும்பிவிடலாம் என்று ஸ்டீன் நினைத்துக்கொண்டிருந்த 1951 டிசம்பரில், செல்டிக் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. ரிசர்வ் அணியை, அதாவது முதல் அணிக்கு அடுத்த இரண்டாம் அணியை, கவனித்துக்கொண்டிருந்த ஜிம்மி கிரிபன் என்பவர் அவரது பெயரைச் சொல்லியிருந்தார். 1,200 பவுண்டுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. எதற்காக என்று கவனி: முதல் அணிக்கு ஆட அல்ல, ரிசர்வ் அணியில் நின்று இளைஞர்களுக்குத் துணையாக, மூத்தவராக இருக்க.

அடுத்து நடந்ததை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். வந்த சில நாட்களிலேயே முதல் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் அடுத்தடுத்துக் காயமடைய, சென்டர் ஹாஃப் என்ற நடுத் தடுப்பாட்டக்காரர் இடத்தில் இவரை இறக்கினார்கள். பிறகு யாரும் இவரை வெளியே எடுக்கவில்லை. காலால் உதைக்க வேண்டிய பந்தையும் முழங்காலால் தள்ளிவிடும் பழக்கம் அவருக்கு இருந்ததாகச் சொல்வார்கள். பார்க்க அழகாக இருந்திருக்காது! ஆனால் எங்கே நிற்க வேண்டும், யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்திருந்தது. கேப்டன் ஷான் ஃபாலன் அவரைத் துணை கேப்டன் ஆக்கினார். 1952இல் ஃபாலனின் கை முறிந்தபோது கேப்டன் பொறுப்பே இவரிடம் வந்தது. 1953இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கழகங்கள் எட்டு மோதிய முடிசூட்டுக் கோப்பைப் போட்டியில், ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட், இறுதியில் ஹைபெர்னியன் ஆகியோரைச் செல்டிக் வென்றது. 1954இல் லீக், கோப்பை இரண்டும் வந்தன; 1914க்குப் பிறகு அந்தக் கழகம் அப்படி இரட்டை வெற்றி கண்டது அப்போதுதான்.

அந்த வெற்றிக்குப் பரிசாகக் கழகம் தன் ஆட்டக்காரர்களைச் சுவிட்சர்லாந்தில் நடந்த உலகக் கோப்பையைப் பார்க்க அழைத்துச் சென்றது. அக்காலத்தின் தலைசிறந்த அணிகளில் ஒன்றான ஹங்கேரியை அவர்கள் அங்கே கண்டார்கள். சரியான ஆயத்தம் எதுவுமின்றி வந்த ஸ்காட்லாந்து, உருகுவேயிடம் 7-0 என்று நொறுங்கியதையும் கண்டார்கள். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு முப்பத்தொரு வயதுத் தடுப்பாட்டக்காரருக்கு இந்த இரண்டும் எவ்வளவு கற்றுக்கொடுத்திருக்கும் என்பதை உன் ஊகத்துக்கே விடுகிறேன்.

இங்கே ஒரு செய்தியை இடையில் சொல்லியாக வேண்டும். செல்டிக் அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்க ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்ட கழகம். அதே கிளாஸ்கோவில் அதன் பரம எதிரியான ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டண்ட் மக்களின் கழகம். ஸ்டீன் புராட்டஸ்டண்ட், அவர் தந்தை ரேஞ்சர்ஸ் பக்கம். செல்டிக்கின் பச்சை வெள்ளைச் சட்டையை அணிந்த நாளிலிருந்து ஊரில் பழைய நண்பர்கள் சிலர் அவரோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். பின்னாளில் மேலாளரான பிறகு, 1972இல் ஸ்டர்லிங்கில் ஓர் ஆட்டத்தின்போது செல்டிக் ரசிகர்களில் ஒரு பகுதியினர் அயர்லாந்து ஆயுதப் போராட்டப் பாடல்களைப் பாடியதைக் கேட்டு, தடுப்பைத் தாண்டிக் கூட்டத்துக்குள்ளேயே ஏறிப்போய் அவர்களைத் திட்டி அடக்கினார். தன் கழகத்து ரசிகர்களிடமே அப்படி நடந்துகொள்ள எத்தனை மேலாளர்களுக்குத் துணிச்சல் வரும்?

கணுக்கால் காயம் 1957இல் அவரது ஆட்ட வாழ்க்கையை முடித்துவைத்தது. நொண்டல் கடைசிவரை போகவில்லை. கழகம் அவரை ரிசர்வ் அணியின் பயிற்சியாளர் ஆக்கியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் எந்த வேலைக்காக அழைத்து வந்தார்களோ, அந்த வேலையே இப்போதுதான் கைக்கு வந்தது என்று சொல்லலாம். பில்லி மெக்நீல், ஜான் கிளார்க், பாபி மர்டாக் போன்ற பையன்கள் அவர் கைக்குள் வந்தது அப்போதுதான். பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடுவது என்று இருந்த காலத்தில், அவர் அவர்கள் காலில் பந்தைக் கொடுத்தார். மூன்று ஆண்டுகள் அந்தப் பையன்களோடு இருந்தார். அவரது வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். கோப்பைப் பட்டியலில் இதற்கு இடமே கிடையாது.

1960 மார்ச்சில் டன்ஃபர்ம்லின் கழகம் அவரை மேலாளராக அழைத்தது. கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் விளிம்பில் நின்ற அணி அது. மிச்சமிருந்த ஆறு ஆட்டங்களையும் வென்று தப்பியது. முதல் வெற்றி செல்டிக்கை எதிர்த்து! மறு ஆண்டு ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியிலும், முதல் ஆட்டம் கோலின்றி முடிய, மறுஆட்டத்தில் 2-0 என்று வீழ்ந்தது அதே செல்டிக்தான். 1963இல் மிலான் நகருக்குச் சென்று, இன்டர் அணியின் பயிற்சியாளர் ஹெலேனியோ ஹெரேரா எப்படி வேலை செய்கிறார் என்று பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார். பிறகு ஹைபெர்னியனில் ஓராண்டுகூட முழுமையாக இல்லை; அதற்குள் ரியால் மாட்ரிட் அணியை ஒரு நட்பு ஆட்டத்தில் 2-0 என்று வெல்ல வைத்தார்.

1965 மார்ச்சில் அவர் செல்டிக்குக்குத் திரும்பியதை வெறும் மேலாளர் மாற்றமாகக் கருதிவிடாதே. அதுவரை அங்கே அணியைத் தேர்ந்தெடுப்பதில் தலைவர் பாப் கெல்லியின் கைதான் ஓங்கியிருந்தது. ஆட்டக்காரர் தேர்வு முழுவதும் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதில் ஸ்டீன் உறுதியாக நின்று, அதைப் பெற்ற பிறகே பொறுப்பேற்றார். அந்தக் கழகத்தின் முதல் புராட்டஸ்டண்ட் மேலாளரும் அவரே. ஏழெட்டு ஆண்டுகளாக ஒரு பெரிய கோப்பையும் பார்க்காத அணி, அடுத்த மாதமே டன்ஃபர்ம்லினை 3-2 என்று வென்று ஸ்காட்டிஷ் கோப்பையை எடுத்தது. வெற்றிக் கோலைத் தலையால் முட்டி அடித்தவர், ரிசர்வ் அணியில் அவர் வளர்த்த மெக்நீல்.

நீ பயிற்சி கொடுப்பவன் என்பதால் ஒன்றை விரித்துச் சொல்கிறேன். 1967இல் லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற செல்டிக்கின் பதினொரு பேரில் பெரும்பாலோர் ஸ்டீன் வருவதற்கு முன்பே கழகத்தில் இருந்தவர்கள். அவர் செய்ததெல்லாம் அவர்களை இடம் மாற்றியதுதான். முன்வரிசையில் ஆடித் தடுமாறிக்கொண்டிருந்த மர்டாக்கைப் பின்னால் இழுத்து நடுக்களத்தில் நிறுத்தினார். அங்கிருந்து அவர் கொடுத்த பந்துகள்தாம் பிறகு அணியையே நடத்தின. விங்கராக, அதாவது ஓரத்தில் ஆடும் முன்கள வீரராக இருந்த பெர்ட்டி ஆல்டையும் நடுக்களத்துக்குக் கொண்டுவந்தார். டாமி ஜெம்மல் என்ற ஃபுல் பேக்கிடம் (ஓரத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்), மேலே ஏறி அடிக்கும் ஆசையைத் தடுக்காமல் வளர்த்தார். ரோனி சிம்சன் கதை இன்னும் வேடிக்கை. ஹைபெர்னியனில் இருந்தபோது வயதான கோல்கீப்பர் என்று சிம்சனைச் செல்டிக்குக்கு விற்றவரே ஸ்டீன்தான். சில மாதங்களில் அதே ஸ்டீன் மேலாளராக வந்து இறங்கியதும், சிம்சன் தன் காலம் முடிந்தது என்று நினைத்திருப்பார். மாறாக, அவரையே முதல் கோல்கீப்பர் ஆக்கி, முப்பத்தாறாவது வயதில் ஐரோப்பியக் கோப்பையைக் கையில் பிடிக்க வைத்தார். தன் பழைய முடிவைத் தானே மாற்றிக்கொள்ள அவர் கூச்சப்படவில்லை.

1967 மே 25 அன்று லிஸ்பனில் நடந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி உனக்குத் தெரிந்ததை மறுபடி சொல்லப்போவதில்லை. சில துணுக்குகளை மட்டும் சொல்கிறேன். எதிரே நின்றது ஹெரேராவின் இன்டர். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஸ்டீன் மாணவராகப் போய்ப் பார்த்த அதே மனிதர். ஏழாவது நிமிடத்தில் பெனால்டியில் மட்சோலா கோல் அடித்ததும், இன்டர் தன் வழக்கப்படி கதவைச் சாத்திக்கொண்டது. ஆளுக்கு ஆள் ஒட்டி நிற்பதுதான் அவர்கள் முறை என்பது ஸ்டீனுக்குத் தெரியும். அதனால் வலது ஓரத்தில் நிற்க வேண்டிய ஜிம்மி ஜான்ஸ்டனை உள்ளே அலையவிட்டார்; அவரைக் காவல் காத்தவரும் பின்னாலேயே போனார்; காலியான ஓரங்களில் இரண்டு ஃபுல் பேக்குகளும் மாறி மாறி ஏறி வந்தார்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் மேலேறக் கூடாது, ஒருவர் போனால் மற்றவர் பின்னால் நிற்க வேண்டும் என்பது அவரே போட்ட விதி. அறுபத்துமூன்றாவது நிமிடத்தில் வலது ஃபுல் பேக் கிரெய்க் மேலே சென்று பந்தைக் குறுக்கே கொடுத்தபோது, அதை வாங்கி வெளியிலிருந்தே வலைக்குள் அடித்தவர் இடது ஃபுல் பேக் ஜெம்மல்; விதிப்படி அவர் அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்கவே கூடாது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது மர்டாக் அடித்த பந்தை முன்கள வீரர் சால்மர்ஸ் திசைதிருப்பி இரண்டாவது கோலாக்கினார். அது பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்துபார்த்த உத்தி.

இன்னொரு துணுக்கு உனக்குப் பிடிக்கும். அந்த அணியில் சிலருக்குப் பொய்ப்பல். வென்றால் படத்தில் நன்றாகச் சிரிக்க வேண்டுமே என்று, ஆட்டத்துக்கு முன் அவற்றைக் கழற்றிச் சிம்சனின் தொப்பியில் போட்டு, கோல் வலைக்குள் வைத்திருந்தார்கள். முடிவு விசில் ஊதியதும், ரசிகர் கூட்டம் மைதானத்துக்குள் பாய, சில பேர் கோப்பையை விட்டுவிட்டுத் தொப்பியை நோக்கி ஓடினார்கள்! அந்தப் பதினொரு பேரும் செல்டிக் மைதானத்திலிருந்து முப்பது மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். அதற்கு முன் எந்த பிரிட்டிஷ் கழகமும் அந்தக் கோப்பையை வென்றதில்லை.

ஆளைப் படிக்கும் கலையை அவர் எங்கே கற்றார் என்றால், நான் மீண்டும் அந்த ரிசர்வ் அணியைத்தான் காட்டுவேன். ஜான்ஸ்டனுக்கு விமானம் என்றால் உயிர்ப்பயம். 1968இல் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியோடு கிளாஸ்கோவில் ஆட்டம், இடைவேளையில் 1-1. நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால் அடுத்த ஆட்டத்துக்கு நீ விமானம் ஏற வேண்டாம் என்று ஸ்டீன் ஜான்ஸ்டனிடம் சொன்னார். ஆட்டம் 5-1 என்று முடிந்தது. இரண்டு கோல்களை ஜான்ஸ்டனே அடித்தார். பெல்கிரேடுக்கு அவர் போகவில்லை. இன்னொருவராக இருந்தால் பயத்தைக் கேலி செய்திருப்பார், அல்லது அபராதம் போட்டிருப்பார்.

அவரைத் தெய்வமாக்கி உனக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. 1970இல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தின் லீட்ஸ் அணியை இருமுறையும் வென்றுவிட்டு, அதுவே இறுதி என்பதுபோல் மிதந்து மிலானுக்குப் போனார்கள். அங்கே இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் அணியைச் சரியாக எடைபோடாமல் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்றார்கள். நடுக்களத்தில் இரண்டே பேரை நிறுத்தியது ஸ்டீனின் கணக்குப் பிழை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆட்டக்காரர்களிடம் அவர் கடுமையாகவும் இருப்பார். அவர்களுடைய குடி, கூத்து எல்லாவற்றுக்கும் உளவு வைத்திருந்தார். அவர் மது தொடாதவர். ஆனால் குதிரைப் பந்தயத்தில் பணத்தை விடும் பழக்கம் அவருக்கு இருந்தது.

1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது லீக் பட்டங்கள்; மொத்தத்தில் பத்து லீக், எட்டு ஸ்காட்டிஷ் கோப்பை, ஆறு லீக் கோப்பை. இவற்றுக்கு நடுவே, 1971 ஜனவரி 2 அன்று ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டு நெரிசலில் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் 66 பேர் இறந்த மாலையில், எதிரணி மேலாளரான ஸ்டீன் ஸ்ட்ரெச்சர்களோடு ஓடியாடி உதவிக்கொண்டிருந்தார்.

1975 கோடையில் விடுமுறையிலிருந்து திரும்பும் வழியில் லாக்கர்பி அருகே, தவறான பக்கத்தில் வந்த கார் மோதி, அவர் மரணத்தின் வாசல்வரை போய்வந்தார். ஒரு பருவம் முழுவதும் ஃபாலன் பொறுப்பில் இருந்தார். 1977இல் லீக்கையும் கோப்பையையும் திரும்ப வென்றாலும், அந்த ஆண்டே டால்கிலிஷ் 4,40,000 பவுண்டுக்கு லிவர்பூலுக்குப் போய்விட, 1977-78 பருவம் சரிந்தது. 1978இல் மெக்நீல் மேலாளர் ஆனார். ஸ்டீனுக்குக் கழகம் கொடுக்க முன்வந்தது என்ன தெரியுமா? நிதி திரட்டும் லாட்டரி வேலையைக் கவனிக்கும் ஓர் இயக்குநர் பதவி. பதின்மூன்று ஆண்டுகள் அந்தக் கழகத்தைத் தூக்கி நிறுத்திய மனிதருக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் தோன்றவில்லையா என்று இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அவர் அதை ஏற்காமல் லீட்ஸுக்குப் போனார். அங்கே ஒன்றரை மாதம்கூட நிலைக்கவில்லை, ஸ்காட்லாந்து நாட்டு அணி அழைத்ததும் கிளம்பிவிட்டார்.

நாட்டு அணியோடு 1982 உலகக் கோப்பைக்குப் போனார். நியூசிலாந்தை 5-2 என்று வென்று, பிரேசிலிடம் 4-1 என்று தோற்று, சோவியத் அணியோடு 2-2 என்று சமன் செய்து, கோல் வித்தியாசத்தில் வெளியேறினார்கள். நியூசிலாந்துக்கு எதிராக விட்ட அந்த இரண்டு கோல்களும் தேவையற்றவை என்று நீ அப்போது சொன்னது சரிதான்.

1985 செப்டம்பர் 10, கார்டிஃப். அடுத்த உலகக் கோப்பைக்கான வாய்ப்பு நீடிக்க வேல்ஸோடு சமன் செய்தால் போதும். மார்க் ஹியூஸ் அடித்த கோலால் பின்தங்கிய நிலையில் இடைவேளைக்கு உள்ளே வந்தபோது, கோல்கீப்பர் ஜிம் லைட்டன் கண்ணில் லென்ஸ் விழுந்துவிட்டது என்றார். அவர் லென்ஸ் அணிவதே யாருக்கும் தெரியாது, மாற்று லென்ஸும் கையில் இல்லை. ஆலன் ரஃபை இறக்க வேண்டியதாயிற்று. ஸ்ட்ராக்கனை எடுத்துவிட்டு ஸ்டீன் இறக்கிய டேவி கூப்பர், ஆட்டம் முடியும் தறுவாயில் பெனால்டியைக் கோலாக்கினார். 1-1. அந்தக் கடைசி நிமிடங்களில் ஓரத்தில் சரிந்து விழுந்த ஸ்டீன், மைதானத்து மருத்துவ அறையிலேயே இறந்தார். வயது 62.

அன்று அவருக்குப் பக்கத்தில் இருந்த உதவிப் பயிற்சியாளர், அபர்டீன் மேலாளரான அலெக்ஸ் ஃபெர்கூசன். 1986 உலகக் கோப்பைக்கு அந்த அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. நீ கடிதத்தில் டால்கிலிஷோடு சேர்த்துப் புகழ்ந்திருக்கும் அதே ஃபெர்கூசன், 1983இல் ரியால் மாட்ரிட்டை எதிர்த்து அபர்டீன் 'கோப்பை வென்றோர் கோப்பை' என்ற ஐரோப்பியப் போட்டியின் (நாட்டுக் கோப்பைகளை வென்ற கழகங்களுக்கானது) இறுதியில் ஆடியபோது ஸ்டீனைத் தன்னோடு கூட்டிப் போயிருந்தார். எதிரணி மேலாளர் டி ஸ்டெஃபானோவுக்கு ஒரு நல்ல விஸ்கி பாட்டில் பரிசாகக் கொடு, நீங்கள் இங்கே வந்து சேர்ந்ததையே பெரிய பாக்கியமாக நினைப்பதாக அவர் நம்பட்டும் என்று ஸ்டீன் யோசனை சொன்னாராம். ஃபெர்கூசன் அப்படியே செய்தார். அபர்டீன் 2-1 என்று வென்றது.

ஃபெர்கூசன் நல்ல முன்கள வீரர். டால்கிலிஷ் அளவுக்கு இல்லை என்பதை நீயே ஒப்புக்கொள்வாய். ஆக, உன் வாதத்துக்கு டால்கிலிஷைத் தவிர வேறு யாரையாவது தேடி வைத்துக்கொண்டு பதில் எழுது. ஷாங்க்லியைக் கொண்டுவருவாய் என்று எதிர்பார்க்கிறேன். அவர் நாட்டு அணிக்கு ஆடியவர்தான், அந்த வழக்கையும் பேசித் தீர்த்துவிடலாம்.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும். குழந்தைக்குப் பெயர் வைத்ததும் தெரிவி.

அன்புடன்,
உன் பழைய நண்பன்